ஒரு தாயின் முழு வாழ்வு: தோழர் கேப்டன் லட்சுமி

(மைசூருவில் தமிழ் பேசும் தோழர்கள் குடும்பத்துடன் கூடிய நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2012 ஜூலை 23 அன்று கான்பூரில் தமது 97ஆவது வயதில் தோழர் லட்சுமி சேகல் மறைந்தார். நாட்டின் எல்லாப் பத்திரிகைகளும் அவரைப் பற்றி எழுதின. நேதாஜியின் படைத்தளபதி, சுதந்திரப் போராட்ட வீராங்கனை, குடியரசுத் தலைவர் தேர்தலில் இடதுசாரிகளின் வேட்பாளர் என்றெல்லாம் எழுதினார்கள். அனைத்தும் உண்மை. ஆனால் அவர் இரண்டு பெண்களுக்குத் தாய். பேரக் குழந்தைகளுக்குப் பாட்டி. கான்பூரின் ஏழைத் தாய்மார்கள் ஆயிரக்கணக்கானோருக்குப் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவர். இந்தப் பக்கத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போவது நமது வழக்கமாக இருக்கிறது.

மேடையில் ஒரு பெண் தலைவரைப் பற்றிப் பேசும்போது அவரது குடும்பத்தை ஒரு வரியில் முடிக்கிறோம். வீட்டில் நம் தாயைப் பற்றிப் பேசும்போது அவரது உழைப்பையும் அரசியலையும் ஒரு வரியில் முடிக்கிறோம். தாய் வேறு, தோழர் வேறு என்று நாமே ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறோம். லட்சுமியின் வாழ்வில் அந்தக் கோடு இல்லை. அவரை ஒரு தாயாகவும் பாட்டியாகவும் நினைவுகூர்ந்தால்தான் அவரது அரசியலின் முழுப் பொருளும் நமக்கு விளங்கும் என்பதே இன்று நான் சொல்ல விரும்புவது.

மூன்று தலைமுறைப் பெண்கள்

1914 அக்டோபர் 24 அன்று சென்னையில் பிறந்தவர் லட்சுமி. தந்தை சுவாமிநாதன் சென்னை உயர்நீதிமன்றத்தில் புகழ்பெற்ற வழக்குரைஞர், பாலக்காட்டுத் தமிழர். தாய் அம்மு, பொன்னானி வட்டாரத்து ஆனக்கரையைச் சேர்ந்த நாயர் குடும்பத்துப் பெண். தமிழும் மலையாளமும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்த வீடு அது.

விடுமுறைக்குக் கேரளத்தில் இருந்த பாட்டி வீட்டுக்குக் குழந்தைகள் செல்வார்கள். சுற்றியிருந்த காடுகளிலும் குன்றுகளிலும் வாழ்ந்த மக்களின் குரல் அந்த வீட்டுக்குக் கேட்கும். அவர்களின் நிழல்கூடத் தீட்டு என்பது பாட்டி சொல்லிக் கொடுத்த பாடம். ஒரு நாள் சிறுமி லட்சுமி நேராகச் சென்று, தன் வயதுடைய ஒரு பழங்குடிச் சிறுமியின் கையைப் பிடித்து அழைத்து விளையாடினாள். பாட்டிக்குக் கோபம், பேத்திக்கும் கோபம். வென்றது தானே என்று லட்சுமி பிற்காலத்தில் பெருமையோடு நினைவுகூர்ந்தார்.

தோழர்களே, பாட்டிமார்களைப் பற்றிப் பேசும்போது நாம் அன்பை மட்டுமே பேசுகிறோம். அன்பான பாட்டியும் சாதியைக் கற்றுக் கொடுக்கக்கூடும் என்பதையும் மறைக்காமல் பேச வேண்டும். மடியில் உட்கார வைத்துச் சோறு ஊட்டும் அதே கைதான் எந்த வீட்டுத் திண்ணையில் உட்காரக் கூடாது என்பதையும் காட்டுகிறது. பாட்டியை நேசித்துக்கொண்டே பாட்டியின் தீட்டை மறுக்க முடியும் என்பதை அந்தச் சிறுமி காட்டினாள்.

அம்முவின் கதையும் சாதாரணமானதல்ல. தந்தையை இழந்த குடும்பத்தின் கடைசிப் பெண். பள்ளிப் படிப்பு கிட்டாதவர். அவரைவிட இருபது வயதுக்கும் மேல் மூத்தவரான சுவாமிநாதன் மணம்பேச வந்தபோது, அந்தச் சிறுவயதுப் பெண் நிபந்தனைகள் விதித்தாள் என்று குடும்பத்தில் சொல்வார்கள். பட்டணத்தில் வசிக்க வேண்டும். ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர் வேண்டும். வெளியே போய் எப்போது திரும்பினாலும் ஏன் தாமதம் என்று யாரும் கேட்கக் கூடாது, ஏனென்றால் தன் சகோதரர்களை யாரும் அப்படிக் கேட்பதில்லை. இந்த மூன்றாவது நிபந்தனையைச் சற்று யோசித்துப் பாருங்கள். நூறாண்டுகளுக்கு முன்பு ஒரு சிறுமி கேட்ட உரிமை அது. இன்று நமது தோழர்களின் வீடுகளில் எத்தனை பெண்களுக்கு அது கிடைத்திருக்கிறது?

அம்மு 1917இல் சென்னையில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் பணிகளில் ஈடுபட்டார். காங்கிரஸ் இயக்கத்தில் முன்னணிக்கு வந்தார். இந்திய அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்ற பதினைந்து பெண்களில் ஒருவர். 1952இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த அம்முவின் மகள் லட்சுமி. லட்சுமியின் மகள் கான்பூர்த் தொழிலாளர்களின் தலைவரும் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவருமான தோழர் சுபாஷினி அலி. மூன்று தலைமுறைப் பெண்கள். மூவரின் அரசியலும் ஒன்றல்ல. ஒவ்வொருவரும் தம் தாய் நின்ற இடத்திலிருந்து ஓர் அடி முன்னே எடுத்து வைத்தார்கள் என்பதே முக்கியமானது.

மருத்துவமனையில் தொடங்கிய அரசியல்

லட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1938இல் பட்டம் பெற்றார். பின்னர் மகப்பேறு மருத்துவத்தில் பட்டயம் பெற்று, திருவல்லிக்கேணி கஸ்தூரிபா மருத்துவமனையில் பணியாற்றினார். கம்யூனிசக் கருத்துகளும் வீட்டின் வழியாகவே அவரிடம் வந்தன. ஜெர்மனியில் பல ஆண்டுகள் வாழ்ந்து திரும்பிய, சரோஜினி நாயுடுவின் தங்கை சுகாசினி அவர்களது குடும்ப நண்பர். அவர் மூலம் உலகப் புரட்சி இயக்கத்தைப் பற்றி லட்சுமி அறிந்தார். சீனப் புரட்சியைப் பற்றி எட்கர் ஸ்னோ எழுதிய நூல் அந்த வகையில் அவர் படித்த முதல் புத்தகம். அம்மாவின் விருந்தாளியிடம் கேட்ட பேச்சு மகளின் வாழ்க்கையைத் திருப்பியது. நம் வீட்டுக்கு யார் வருகிறார்கள், குழந்தைகள் முன்னிலையில் நாம் எதைப் பேசுகிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

முதல் மணவாழ்க்கை நீடிக்கவில்லை. 1940இல் அவர் சிங்கப்பூர் சென்று, அங்கே ஏழை இந்தியத் தொழிலாளர்களுக்காக ஒரு மருத்துவ நிலையத்தை நடத்தினார். அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

அவர்களின் நிலையைச் சொல்லாமல் ஜான்சி ராணிப் படையின் கதையைச் சொல்ல முடியாது. மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டின் கிராமங்களிலிருந்து கங்காணிகள் மூலம் கொண்டு செல்லப்பட்டவர்கள் அவர்கள். விடியுமுன் எழுந்து பால்மரம் சீவி, லயத்தில் வாழ்ந்து, கூலியின் ஒரு பகுதியைத் தோட்டத்துக் கள்ளுக்கடையிலேயே இழந்த மக்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு மட்டுமல்ல, வெள்ளைக்கார மேலாளர் எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் இழிவு ஒழிய வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் அதிகாரிகள் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும் என்பவையும் அவர்களது கோரிக்கைகள். அரசு துப்பாக்கியால் பதில் சொன்னது, தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

அடுத்த ஆண்டு ஜப்பான் மலேயாவைக் கைப்பற்றியது. சயாம் – பர்மா ரயில்பாதை போடப் பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்களை ஜப்பானிய ராணுவம் இழுத்துச் சென்றது. பெரும் எண்ணிக்கையில் அவர்கள் காட்டிலேயே மடிந்தார்கள். ஓர் ஏகாதிபத்தியம் வீழ்ந்த இடத்தில் மற்றோர் ஏகாதிபத்தியம் வந்து நின்றது. கணவனையும் தந்தையையும் பறிகொடுத்த பெண்கள் லயங்களில் தனித்து நின்றார்கள்.

இந்தச் சூழலில்தான் 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். பெண்கள் படை அமைக்கும் தம் திட்டத்தை அறிவித்தார். அதன் பொறுப்பை 28 வயது மருத்துவரான லட்சுமி ஏற்றார். அக்டோபர் 21 அன்று அமைந்த ஆசாத் ஹிந்த் இடைக்கால அரசின் ஒரே பெண் அமைச்சரும் அவரே. ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களில் மிகப் பலர் இந்த ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் கண்டிராத பெண்கள், இந்தியாவின் விடுதலைக்காகத் துப்பாக்கி ஏந்த முன்வந்தார்கள். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர் போன்ற வசதியான குடும்பத்துப் பெண்களும், பள்ளிக்கூட வாசலை மிதித்திராத தொழிலாளப் பெண்களும் ஒரே கொட்டகையில் படுத்து, ஒரே பாத்திரத்தில் சமைத்த உணவை உண்டார்கள். தேசபக்தி அவர்களை ஈர்த்தது உண்மை. அதோடு, கங்காணியின் அதட்டலும் கணவனின் அதட்டலும் இல்லாத ஓரிடத்தில் தலைநிமிர்ந்து நிற்கலாம் என்ற ஆசையும் அவர்களை ஈர்த்திருக்க வேண்டும்.

இந்த மைசூரு மண்ணில் இருந்து இதைக் கேட்கும்போது உங்களுக்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். மலேயாவுக்குக் கப்பல் ஏறிய அதே காலத்தில், வட ஆற்காட்டிலிருந்தும் அண்டைப் பகுதிகளிலிருந்தும் நிலமற்ற தமிழ் மக்கள், பழைய மைசூரு சமஸ்தானத்தின் கோலார் தங்கவயலுக்கு வந்தார்கள். அங்கே தோட்டம், இங்கே சுரங்கம். வந்தவர்கள் ஒரே வர்க்கத்தினர். தங்கவயலின் சுரங்கம் 2001இல் மூடப்பட்டபோது வேலை தேடிச் சிதறிய குடும்பங்களும் உண்டு. உங்களில் பலரின் பாட்டிமார்கள் அந்த வழியாக வந்தவர்களாக இருக்கலாம். லட்சுமியின் படையில் நின்ற பெண்கள் வேறு யாருமல்லர். நம் பாட்டிமார்களின் உறவுமுறைதான்.

படை பர்மாவை நோக்கிச் சென்றபோது போரின் போக்கு மாறிவிட்டது. பின்வாங்கும் காலத்தில் லட்சுமி காயமுற்றவர்களுக்குச் சிகிச்சை அளித்தார். 1945 மே மாதத்தில் பிரிட்டிஷார் அவரைக் கைது செய்து பர்மாவிலேயே வைத்திருந்தார்கள். 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அப்போது செங்கோட்டை விசாரணையால் நாடே கொந்தளித்துக் கொண்டிருந்தது. ஷா நவாஸ் கான், குர்பக்ஷ் சிங் தில்லான், பிரேம் சேகல் என்று ஒரு முஸ்லிம், ஒரு சீக்கியர், ஓர் இந்து ஒன்றாகக் கூண்டில் நின்ற விசாரணை அது. 1947 மார்ச்சில் லாகூரில் பிரேம் சேகலை லட்சுமி மணந்தார். சில மாதங்களில் லாகூர் வேறு நாடாகிவிட்டது.

மகள் காட்டிய வழி

இருவரும் கான்பூரில் குடியேறினார்கள். பிரேம் சேகல் ஜவுளி ஆலையில் பணியாற்றினார். லட்சுமி மருத்துவ நிலையம் திறந்தார். பிரிவினையில் வீடிழந்து வந்த அகதிகள் அவரது முதல் நோயாளிகள். சுபாஷினி, அனிசா என்று இரு பெண் குழந்தைகள் பிறந்தார்கள்.

இந்த இடத்தில் பல வரலாறுகள் நின்றுவிடுகின்றன. வீராங்கனை மணம் முடித்தார், குழந்தைகளை வளர்த்தார் என்று எழுதி, அடுத்த பத்தியில் முதுமைக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் அந்த இருபத்தைந்து ஆண்டுகள் வெற்றிடமல்ல. கொடியும் மேடையும் இல்லாமல், நாள்தோறும் ஏழைப் பெண்களின் உடல் வழியே அவர் இந்தியச் சமூகத்தைப் படித்த ஆண்டுகள் அவை. இரத்தசோகை என்பது வறுமையின் மறுபெயர் என்பதையும், அடுத்தடுத்த பேறுகால மரணங்களுக்குப் பின்னால் பெண்ணின் சம்மதம் கேட்காத குடும்பம் இருக்கிறது என்பதையும் மகப்பேறு மருத்துவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்போது அவர் கட்சியில் இல்லை. அதற்கு ஒரு காரணத்தை நாம் மறைக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நேதாஜியைப் பற்றிக் கம்யூனிஸ்டுகள் வைத்த மதிப்பீடு கடுமையாக இருந்தது. பாசிசத்துக்கு எதிரான நிலைப்பாடு சரியானது. ஆனால் நேதாஜி என்ற தேசபக்தரை மதிப்பிட்டதில் பிழை இருந்தது என்று தோழர் ஜோதிபாசு பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொன்னார். நேதாஜியோடு நின்ற ஒரு பெண்ணுக்கு அந்தக் காயம் இருந்திருக்கும் என்பது இயல்பு.

அந்த இடைவெளியை இணைத்தது யார் தெரியுமா? அவரது மகள். எழுபதுகளின் தொடக்கத்தில் சுபாஷினி மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்திருந்தார். 1971இல் கிழக்கு வங்கத்திலிருந்து இலட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்தபோது, மருத்துவர்களும் மருந்துகளும் தேவை என்று தோழர் ஜோதிபாசு விடுத்த வேண்டுகோளைத் தாயிடம் கொண்டுவந்து காட்டியவர் அவர்தான். லட்சுமி துணிகளையும் மருந்துகளையும் திரட்டிக்கொண்டு கல்கத்தாவுக்குச் சென்றார். எல்லையோர முகாம்களில் ஐந்து வாரங்கள் பணியாற்றினார். அங்கே தோழர்கள் உழைத்த விதத்தைப் பார்த்தார். திரும்பி வந்து கட்சி உறுப்பினராக விண்ணப்பித்தார். வயது 57ஐ எட்டிக்கொண்டிருந்தது.

ஒரு தாய், தன் மகள் காட்டிய வழியில் கட்சிக்கு வந்தார். நாம் எப்போதும் பிள்ளைகள் நம் வழியில் வரவில்லையே என்று வருந்துகிறோம். பிள்ளைகள் கண்டுபிடித்த வழியில் நாம் போகத் தயாரா என்ற கேள்வியை நமக்குள் கேட்டுக்கொள்வதில்லை. அவருக்கு மதிப்பு இருந்தது, புகழ் இருந்தது, சொல்லிக்கொண்டே இருக்கலாம் போன்ற கடந்தகாலம் இருந்தது. அந்தக் கடந்தகாலத்தின் மீது உட்கார்ந்து ஓய்வெடுக்க அவர் விரும்பவில்லை. மகளிடமிருந்து கற்றுக்கொள்வதில் அவருக்குத் தயக்கமும் இருக்கவில்லை.

அறுபதுக்குப் பிறகு ஒரு புதிய வாழ்வு

1981 மார்ச்சில் சென்னையில் அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் உதயமானது. அதை உருவாக்கிய தலைவர்களில் ஒருவராக, சுசீலா கோபாலன், பாப்பா உமாநாத் போன்ற தோழர்களுடன் லட்சுமியும் நின்றார். அந்த வரிசையில் பாப்பா உமாநாத்தின் பெயரைச் சொல்லும்போது அவரது தாயையும் சொல்ல வேண்டும். பொன்மலை ரயில்வே தொழிலாளர்களுக்கு நடுவே வாழ்ந்து, மகளோடு சேர்ந்து இயக்கத்துக்கு வந்தவர் அந்தத் தாய். கட்சி தடை செய்யப்பட்டிருந்த காலத்தில் சிறையில் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்டார். அவர் பெயரும் லட்சுமிதான். கட்சியை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்தால் தாயின் உடலைப் பார்க்கலாம் என்று அதிகாரிகள் சொன்னபோது, பாப்பா மறுத்தார். தாய் எதற்காக உயிர் விட்டாரோ அதைக் கைவிட்டுவிட்டுத் தாயின் முகத்தைப் பார்ப்பதில் பொருளில்லை என்பதை அந்த இளம் மகள் அறிந்திருந்தார். ஒரு லட்சுமி பணக்கார வழக்குரைஞரின் மகள். மற்றொரு லட்சுமி தொழிலாளர்களுக்கு நடுவே பாடுபட்டு வாழ்ந்த பெண். இருவரையும் ஒரே சங்கத்தின் வரலாறு இணைக்கிறது.

1984ஆம் ஆண்டு லட்சுமிக்கு 70 வயது. அந்த ஆண்டு அவரை இருமுறை சோதித்தது. அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி படுகொலை செய்யப்பட்டதைத் தொடர்ந்து, தில்லியைப் போலவே கான்பூரிலும் சீக்கியர்கள் வேட்டையாடப்பட்டார்கள். லட்சுமி தெருவில் இறங்கினார். தமது மருத்துவ நிலையத்தைச் சுற்றியிருந்த நெருக்கமான பகுதியில் கலவரக் கும்பலை எதிர்கொண்டு நின்றார். அந்தப் பகுதியில் சீக்கியர் மீதோ அவர்களது கடைகள் மீதோ தாக்குதல் நடக்கவிடவில்லை. அந்தத் தெருக்களில் அவர் கையில் பிறந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! முப்பத்தைந்து ஆண்டுக்கும் மேலான மருத்துவப் பணி ஈட்டித்தந்த மரியாதை அன்று உயிர்களைக் காத்தது. டிசம்பரில் போபாலில் நச்சுவாயு பரவியபோது, மருத்துவக் குழுவோடு அங்கே சென்றார். அந்த வாயு கர்ப்பிணிப் பெண்களுக்கு ஏற்படுத்திய நீண்டகாலப் பாதிப்பைப் பற்றி அறிக்கை தயாரிக்கவும் பின்னர் உழைத்தார்.

கான்பூர்த் தெருவில் நின்ற அந்தக் காட்சியை மைசூருத் தமிழர்கள் வேறு யாரையும்விட நன்றாகப் புரிந்துகொள்வார்கள். 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பையொட்டிப் பெங்களூருவிலும் மைசூரு வட்டாரத்திலும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். அந்த நாட்களைக் கண்ட மூத்தவர்கள் இந்த அரங்கில் இருக்கிறார்கள். தாக்க வந்தவர்களும் உழைக்கும் மக்களின் பிள்ளைகளே. அவர்களை ஏவியவர்களின் கணக்கு வேறு. அப்படிப்பட்ட நாளில் ஒரு குடும்பத்தைக் காப்பது பெரும்பாலும் பக்கத்து வீட்டுத் தாய்தான். கன்னடம் பேசும் அண்டை வீட்டாரோடு நாம் ரேஷன் கடை வரிசையிலும், தொழிற்சங்கத்திலும், பள்ளி வாசலிலும் கட்டி வைத்திருக்கும் உறவு சாதாரண நாளில் பெரிதாகத் தெரியாது. கலவர நாளில் அதுதான் அரண். அந்த அரணை ஒரே இரவில் கட்ட முடியாது என்பதே கான்பூர் தரும் பாடம்.

கர்நாடகத்தோடு அவருக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. 1996இல் பெங்களூருவில் உலக அழகிப் போட்டி நடந்தபோது, அதை எதிர்த்த மாதர் சங்கப் போராட்டத்தில் அவர் கைதானார். அப்போது வயது 82. பண்பாட்டின் காவலர்கள் என்று சொல்லிக்கொண்டு வேறு சிலரும் அதை எதிர்த்தார்கள். பெண் வீட்டுக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். பெண்ணின் உடலைச் சரக்காக்கும் வணிகத்தை எதிர்ப்பது மாதர் சங்கத்தின் வாதம். துப்பாக்கி ஏந்திப் படை நடத்திய ஒரு மூதாட்டி முன்வரிசையில் நின்றதால், இந்த வேறுபாட்டை விளக்க நெடிய பேச்சு தேவைப்படவில்லை.

2002இல் குஜராத் படுகொலைகளின் நெருப்பு அணையாதிருந்த மாதங்களில் குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தது. இடதுசாரிக் கட்சிகள் லட்சுமியை வேட்பாளராக நிறுத்தின. எதிரே நின்றவர் அப்துல் கலாம். வாக்கு மதிப்பில் கலாமுக்கு 9,22,884, லட்சுமிக்கு 1,07,366. முடிவு முன்னரே தெரிந்ததுதான். இருந்தும் 87 வயதில் நாடு முழுவதும் சென்று மதவெறிக்கும் சமூக அநீதிக்கும் எதிராகப் பேசினார். விடுதலைக்கு மூன்று படிகள் உண்டு என்பது அவரது கருத்து. அந்நிய ஆட்சியிலிருந்து விடுதலை முதற்படி. பொருளாதார விடுதலை இரண்டாவது. சமூக விடுதலை மூன்றாவது. இந்தியா எட்டியிருப்பது முதற்படியை மட்டுமே என்று அவர் சொல்லிவந்தார். மலேயாவின் லயங்களையும் கான்பூரின் ஆலைக் குடியிருப்புகளையும் கண்ட மருத்துவரின் கணக்கு அது.

தொண்ணூறைக் கடந்த பிறகும் காலை நேரங்களில் தம் மருத்துவ நிலையத்தில் நோயாளிகளைப் பார்த்தார். பேரன் ஷாத் அலி திரைத்துறைக்குச் சென்றார். நாம் அறிந்த ‘அலைபாயுதே’ படத்தை இந்தியில் ‘சாத்தியா’ என்று இயக்கியவர் அவர்தான். பேரப்பிள்ளைகள் தம் பாதையைத் தாமே தேர்ந்துகொள்ளும் வீடாகவே அது இருந்தது. பாட்டியின் காலைப்பொழுது மட்டும் மாறவில்லை.

இறந்த பிறகும் பணி முடியவில்லை. அவரது உடல் கான்பூரின் கணேஷ் சங்கர் வித்யார்த்தி மருத்துவக் கல்லூரிக்கு ஒப்படைக்கப்பட்டது. அந்தக் கல்லூரிக்குப் பெயர் தந்த வித்யார்த்தி யார்? 1931 கான்பூர் மதக்கலவரத்தில் இந்துக்களையும் முஸ்லிம்களையும் காப்பாற்றச் சென்று கொல்லப்பட்ட பத்திரிகையாளர். அதே நகரின் தெருவில் அண்டை வீட்டாரைக் காத்து நின்ற ஒரு தாயின் உடல் அவர் பெயர் தாங்கிய கல்லூரியில் மாணவர்களுக்குப் பாடமானது.

நமக்கு எஞ்சியிருக்கும் வேலை

தோழர்களே, ஒரு முழு வாழ்வு என்று எதைச் சொல்கிறோம்? நீண்ட ஆயுளை மட்டும் சொல்வதில்லை. 57 வயதில் கட்சிக்கு வந்தார். 66 வயதில் ஓர் அகில இந்திய அமைப்பை உருவாக்க உதவினார். 70 வயதில் கும்பலை எதிர்கொண்டார். 82 வயதில் கைதானார். 87 வயதில் நாடு சுற்றினார். தாயானதும் முடிந்துவிடும், பாட்டியானதும் ஓய்ந்துவிடும் என்று சமூகம் பெண்ணுக்கு விதித்த கால அட்டவணையை அவர் ஏற்கவேயில்லை.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு அவர் வசதியான வீட்டில் பிறந்தவர், படித்தவர், அதனால் முடிந்தது என்று சிலர் நினைக்கலாம். அந்த நினைப்பில் உண்மை இருக்கிறது. வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ள முடிந்த வீட்டின் பெண்ணுக்குக் கிடைத்த நேரம், ஊதுபத்தி உருட்டும் பெண்ணுக்கும் அங்கன்வாடி ஊழியருக்கும் வீட்டு வேலைத் தொழிலாளிக்கும் கிடைப்பதில்லை. அப்படியானால் அந்த நேரத்தைப் பெற்றுத்தருவது யாருடைய கடமை? நமது கிளைக் கூட்டங்கள் இரவு உணவு சமைக்கும் நேரத்தில் கூடுகின்றன. பெண் தோழர்கள் வருவதில்லை என்று பின்னர் அறிக்கையில் எழுதுகிறோம். கூட்டத்தின் நேரத்தை மாற்றுவதும், அன்று அடுப்படியில் ஆண் தோழர் நிற்பதும் சிறிய செய்திகளல்ல. எப்போது திரும்பினாலும் ஏன் தாமதம் என்று கேட்கக் கூடாது என்ற அம்முவின் நிபந்தனையை நம் வீடுகளில் நிறைவேற்றும் அமைப்பு வேலை அது.

இன்னொரு வேலையும் உண்டு. லட்சுமியின் கதை நமக்குத் தெரிகிறது. அவர் படையில் நின்ற தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் மிகப் பலரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர்களுக்கும் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். பலர் கேட்டு எழுதி வைக்கவில்லை. அதே பிழை இங்கே நடக்கக் கூடாது. தங்கவயலிலிருந்து வந்த பாட்டி, ரயில்வே பணிமனைத் தொழிலாளியின் மனைவியாக வேலைநிறுத்த நாட்களில் கடன் வாங்கிக் குடும்பத்தைக் காத்த தாய், சங்கச் சந்தா வசூலித்து வீடு வீடாக நடந்த அம்மா என ஒவ்வொரு கிளைப் பகுதியிலும் இப்படிப்பட்டவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். இங்கே வந்திருக்கும் இளைஞர்கள் அவர்கள் அருகில் உட்கார்ந்து கேட்க வேண்டும். எந்த ஆண்டு வந்தீர்கள், என்ன கூலி, யார் அடித்தார்கள், யார் காப்பாற்றினார்கள், எப்போது முதன்முதலில் எதிர்த்துப் பேசினீர்கள் என்று கேளுங்கள். தமிழில் கேட்டு, அடுத்த தெருக் கன்னடத் தோழர்களுக்கும் அவர்கள் மொழியில் சொல்லுங்கள்.

அந்தக் கதைகளில் சாதியும் வரும், மூடநம்பிக்கையும் வரும். அஞ்ச வேண்டாம், அவற்றையும் எழுதி வையுங்கள். பழங்குடிச் சிறுமியின் கையைப் பிடித்து இழுத்துவந்த பேத்தியைப் போல, அன்பை எடுத்துக்கொண்டு தீட்டை விட்டுவிடும் அறிவு நம் பிள்ளைகளுக்கு உண்டு. அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு கிளையிலிருந்தும் ஒரு தாயின் வரலாறாவது எழுதப்பட்டு வரட்டும். கூட்டத்தில் அதைப் படிக்கும்போது அந்தத் தாய் முன்வரிசையில் அமர்ந்து கேட்கட்டும்.